கோப்பு எங்கும் போக வேண்டியதில்லை

இணையச் செயலி எழுதும் குழுக்களில் கோப்பு மாற்றம் என்ற பேச்சு எழுந்ததும் பதில் தயாராக இருக்கும்: "அதை சர்வரில் போட்டுவிடலாம்." வேர்ட் கோப்பைப் பிடிஎஃப் ஆக்குவதோ, ஐபோன் எடுத்த ஹெய்க் படத்தை ஜேபெக் ஆக்குவதோ, எக்செல் பட்டியலைப் படிப்பதோ, எதுவானாலும் இதே பதில்தான். பயனர் கோப்பை ஏற்ற வேண்டும், சர்வரில் ஒரு நிரல் அதை மாற்ற வேண்டும், மாறியது திரும்பி வர வேண்டும். பிரவுசருக்குள் ஓடும் மாற்று லைப்ரரிகள் செயல்விளக்கம் காட்டத்தான் லாயக்கு, உண்மையான வேலைக்கு உதவாது என்பது மூத்த நிரலாளர்கள் பலரின் தீர்ப்பு. இளையவர்களும் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பு பழையது, இன்றைக்குப் பொருந்தாதது. அன்றாடம் மாற்றப்படும் கோப்புகளில் பெரும்பாலானவை, அதாவது படங்கள், விண்ணப்ப ஆவணங்கள், பட்டியல்கள், கட்டுரைகள், சிறு ஒலித்துண்டுகள் எல்லாம், பயனரின் கருவியிலேயே மாற்றப்பட வேண்டியவை. பிரவுசரால் முடியாதபோது மட்டுமே சர்வரை நாட வேண்டும். இப்போது நடப்பது நேர் தலைகீழ்.

முதல் வாதம், பிரவுசருக்கு வலு இல்லை என்பது. 2010இல் இதைச் சொல்லியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் 2011இலேயே மொசில்லா பிடிஎஃப்.ஜேஎஸ் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. சிக்கலான பிடிஎஃப் வடிவத்தை முழுக்க ஜாவாஸ்கிரிப்டிலேயே பிரித்துப் படித்துத் திரையில் வரையும் லைப்ரரி அது. 2013 பிப்ரவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 19 அதையே தன் பிடிஎஃப் வாசிப்பானாக ஏற்றுக்கொண்டது. 2017 முடிவதற்குள் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் நான்கிலும், பிற மொழிகளில் எழுதிய நிரலைப் பிரவுசருக்குள் ஓடவைக்கும் வெப்அசெம்ப்ளி வந்து சேர்ந்தது. 2019 டிசம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை முறையான தரமாக அறிவித்தது. அதன் பிறகு இந்த வாதத்துக்கு அடித்தளமே இல்லை. ஏனென்றால் வெப்அசெம்ப்ளியில் ஓடுவது சர்வரில் ஓடும் அதே நிரல். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கிய காணொளி மாற்றி எஃப்எஃப்எம்பெக், பட மாற்றி இமேஜ்மேஜிக், எழுத்துணரி டெசராக்ட் எல்லாம் அதே மூல நிரலிலிருந்து வெப்அசெம்ப்ளியாகத் தொகுக்கப்பட்டுப் பிரவுசருக்கு வந்துவிட்டன. பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் ஹாஸ்கெல் மொழியில் எழுதத் தொடங்கிய ஆவண மாற்றி பேண்டாக்கும் வந்திருக்கிறது. சர்வரில் நம்பகமான கருவி, பிரவுசர் தாவலுக்குள் வந்ததும் எப்படி விளையாட்டுச் சாமான் ஆகும்?

வேகம் குறைகிறது என்பது உண்மை. காணொளி மாற்றத்தில் எஃப்எஃப்எம்பெக்கின் வெப்அசெம்ப்ளி வடிவம், கணினியில் நேரடியாக ஓடும் வடிவத்தைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் ஓடும். பல இழைகள் ஒரே நினைவகத்தைப் பகிரும் வசதியை 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும் பிரவுசர்கள் மூடிவிட்டன. பிறகு கடுமையான தனிமைப்படுத்தல் நிபந்தனைகளோடுதான் அது திரும்பி வந்தது. அதற்கான இரண்டு ஹெடர்களை சர்வர் அனுப்பாவிட்டால் வேலை ஒற்றை இழையிலேயே ஊரும். இந்த ஹெடர்களை வைக்காமல் சோதித்துப் பார்த்துவிட்டு "பிரவுசர் மெதுவு" என்று எழுதி முடித்த அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். அது கைப்பிரேக்கை எடுக்காமல் ஓட்டிவிட்டு வண்டியைக் குறை சொல்வது.

ஆனால் வேகத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். சர்வர் தரப்பினர் சொல்வது மாற்றம் தொடங்கி முடியும் நேரம் மட்டும். பயனர் காத்திருப்பதோ கோப்பு ஏறும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம், மாறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் சேர்ந்தது. நம் ஊர் மொபைல் இணைப்புகளில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் குறைவு என்பது மலிவான டேட்டா திட்டத்தில் ஒரு காணொளியை அனுப்பிப் பார்த்த எவருக்கும் தெரியும். ஸ்கேன் செய்த பத்திரத்தின் முப்பது பக்கங்களை ஏற்றி முடிப்பதற்குள் பிரவுசர் லைப்ரரி வேலையையே முடித்திருக்கும்.

இதையொட்டி வருவது லைப்ரரியின் எடை பற்றிய வாதம். எஃப்எஃப்எம்பெக்கின் வெப்அசெம்ப்ளிக் கோப்பு சுமார் 30 எம்பி. அதைப் பயனர் தலையில் கட்டலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். காணொளி மாற்றாத பயனருக்கு அதை அனுப்பவே கூடாது, மாற்றும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் இறக்கினால் போதும். சர்வரில் சுருக்கி அனுப்பினால் அளவு இன்னும் குறையும். ஒருமுறை இறங்கியது தற்காலிகச் சேமிப்பில் தங்கும், அடுத்த நாள் இணையம் இல்லாதபோதும் வேலை செய்யும். ஏற்ற வேண்டிய கோப்போ ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற வேண்டியது. இதற்கும் மேலாக, பெரும்பாலான வேலைகளுக்கு 30 எம்பி தேவையே இல்லை. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைப் படித்து ஹெச்டிஎம்எல் ஆக்கும் மாமத் லைப்ரரி சில நூறு கேபிதான். படத்தைச் சிறிதாக்கவோ தனி லைப்ரரியே வேண்டாம், பிரவுசருக்குள் ஏற்கெனவே இருப்பதே போதும்.

இனி என்னை அதிகம் கோபப்படுத்தும் வாதத்துக்கு வருகிறேன். "பிரவுசரில் மாற்றினால் தமிழ் சிதைந்துவிடும், சர்வரில்தான் துல்லியம் கிடைக்கும்" என்கிறார்கள். தமிழ் ஆவணங்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம் நன்றாகத் தெரியும்.

சர்வரில் வேர்ட் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும் குழுக்கள் பலவும் லினக்ஸ் கணினியில் லிப்ரேஆபிஸைத் திரையில்லாமல் ஓட்டுகின்றன. ஆவணம் எழுதப்பட்ட விண்டோஸ் கணினியில் லதாவோ விஜயாவோ நிர்மலாவோ இருந்திருக்கும். சர்வரில் அவை கிடையாது. லோஹித் தமிழோ நோட்டோ தமிழோ வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும், அட்டவணைக் கட்டம் பிதுங்கும், ஒரு பக்கத்தில் முடிந்த சான்றிதழின் கையெழுத்து மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். இது யூனிகோடில் எழுதிய ஆவணத்தின் கதி. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த ஆவணத்தின் கதி இன்னும் மோசம்.

இலங்கையிலும் புலம்பெயர் தமிழரிடத்திலும் பாமினி, தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில், பதிப்பகங்களில் இன்னும் எத்தனையோ. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்த பிறகும் பழைய கோப்புகள் பழையவையாகத்தான் கிடக்கின்றன. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஆங்கிலத் தட்டச்சின் ஜே, கே, பி, ஓ எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் கிடக்கிறது. பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும், இல்லாத சர்வரில் ஆங்கிலக் குப்பையாக அச்சாகும். அந்த சர்வர் பிழைச்செய்தி எதுவும் தராது. மாற்றம் வெற்றி என்றே பதிவேட்டில் எழுதிக்கொள்ளும்.

டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு பத்தியும் 'ரன்' எனப்படும் துண்டுகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு துண்டிலோ அதற்கான பாணியிலோ எழுத்துருவின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். பாமினி என்று குறித்த துண்டை மட்டும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். டைம்ஸ் நியூ ரோமன் என்று குறித்த துண்டில் உண்மையான ஆங்கிலம் இருக்கும், அதைத் தொடக் கூடாது. எழுத்துருப் பெயரைப் பார்க்காமல் பத்தி முழுவதையும் அள்ளி மாற்றும் கருவிகள் ஆங்கிலப் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் தமிழ்க் கூளமாக்குவது இதனால்தான்.

அடுத்த சிக்கல் ஒற்றைக் கொம்பில் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தைப் பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் மெய்க்கு அப்புறம்தான் உயிர்க்குறி. மாற்றும் நிரல் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்தைத் தாண்டி, கால் வருகிறதா என்று பார்த்து, மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். ஆனால் வேர்ட், ஆவணத்தைத் திருத்தும்போதெல்லாம் துண்டுகளைத் தன் இஷ்டத்துக்கு உடைக்கும். கொம்பு ஒரு துண்டின் கடைசியில் நிற்க, ககரம் அடுத்த துண்டின் தொடக்கத்துக்குப் போய்விடும். துண்டு துண்டாக மாற்றினால் கொம்பு அநாதையாகிவிடும். அருகருகே இருக்கும் பாமினித் துண்டுகளை முதலில் இணைத்துவிட்டு அப்புறம்தான் மாற்ற வேண்டும்.

சர்வர் கணினியின் வலு இந்த வேலையில் எதற்கு உதவும்? வேண்டியது எழுத்துரு அட்டவணையும் தமிழ் தெரிந்த நிரலும். அவை பிரவுசரில் ஓடும் சிறு ஜாவாஸ்கிரிப்டில் அடங்கிவிடும். தமிழர்கள் இதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியவர்கள். பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி பிரவுசருக்குள் ஓடிய ஜாவாஸ்கிரிப்ட்தான். பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்தது. யாழ்ப்பாணத்திலும் பாரிஸிலும் டொரொண்டோவிலும் உட்கார்ந்து எழுதியவர்கள் பாமினியிலிருந்தும் திஸ்கி என்ற பழைய குறியேற்றத்திலிருந்தும் யூனிகோடுக்கு வந்த பாதையில் அத்தகைய மாற்றிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பிரவுசரில் தமிழ் மாற்றம் நடக்காது என்று சொல்கிறவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டிப் போகிறார்கள்.

பிரவுசரில் செய்தால் கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு. மாறிய உரையை அங்கேயே திரையில் காட்டலாம், தவறிய சொல்லை எழுதியவரே திருத்தலாம், அதன் பிறகு கோப்பைச் சேமிக்கலாம். எழுத்துரு இல்லையென்றால் தன்னிடமுள்ள எழுத்துருக் கோப்பை அவரே எடுத்துக் கொடுக்கலாம். தொலைவில் இருக்கும் சர்வருக்கு அந்த எழுத்துருவும் தெரியாது, அந்தத் தவறும் தெரியாது.

சிதைவுப் புகார் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். பிடிஎஃப் உருவாக்கும் ஜேஎஸ்பிடிஎஃப் போன்ற லைப்ரரி தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்காது. யூனிகோடு வரிசைப்படி எழுத்தை எழுத்தாக எடுத்து வைத்துவிட்டுப் போய்விடும், 'கொ'வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராது. அந்தப் பிடிஎஃப்பைப் பார்த்துவிட்டுப் பிரவுசரையே ஒதுக்கியவர்கள் உண்டு. குற்றம் பிரவுசருடையது இல்லை. குரோமும் ஃபயர்பாக்ஸும் தமிழைத் திரையில் சரியாகக் காட்டுவதே ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு எந்திரத்தால்தான். அதன் வெப்அசெம்ப்ளி வடிவத்தைச் சேர்த்துக்கொண்டாலோ, ஆவணத்தைப் பக்கமாக அமைத்து பிரவுசரின் அச்சு வழியே பிடிஎஃப் ஆக்கினாலோ, கொம்பும் சுழியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும்போதே தமிழை வைத்துச் சோதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் சோதித்துவிட்டுத் தமிழில் வெளியிடும் பழக்கம் சர்வர் பக்கமும் இதே சேதத்தைத்தான் செய்திருக்கிறது.

அடுத்தது பாதுகாப்பு. சர்வர் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை 2016 மே மாதமே உடைந்தது. இமேஜ்மேஜிக்கில் வெளியான 'இமேஜ்ட்ராஜிக்' ஓட்டை வழியாக, படம்போல வேடமிட்ட கோப்பை ஏற்றினாலே சர்வரில் கட்டளைகளை ஓடவைக்க முடிந்தது. படம் ஏற்ற அனுமதித்து, அதைச் சிறிதாக்க இமேஜ்மேஜிக்கைக் கூப்பிட்ட தளங்கள் ஆபத்தில் நின்றன. முன்பின் தெரியாதவர் தரும் சிக்கலான கோப்பை, எல்லோருடைய தரவும் இருக்கும் கணினியில் பிரித்துப் பார்ப்பது எப்போதும் அபாயம். அதே கோப்பைப் பிரவுசர் தாவலுக்குள் பிரித்தால், ஓட்டை இருந்தாலும் சேதம் அந்தத் தாவலின் வேலிக்குள், அந்த ஒரு பயனரோடு நிற்கும். அந்த வேலியைக் காப்பதற்கென்றே பிரவுசர் நிறுவனங்களில் முழுநேரப் பாதுகாப்புக் குழுக்கள் வேலை செய்கின்றன.

பயனர் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். இலவசமாகக் கோப்பு மாற்றித் தருவதாகச் சொல்லும் தளங்கள் வழியே தீநிரல் பரவுகிறது, ஏற்றப்படும் கோப்புகளிலிருந்து தனிப்பட்ட விவரங்கள் திருடப்படுகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மருத்துவ அறிக்கை: நம் மக்கள் இத்தகைய தளங்களில் ஏற்றுவது இவற்றைத்தான்.

நேர்மையான குழுவின் சர்வரும் கோப்புகளைத் தேக்கிவைக்கும். தற்காலிக அடைவில் ஒரு படி, காப்புப் பிரதியில் ஒரு படி. மாற்றம் தோற்றுப்போன கோப்பைக் காரணம் பார்க்கவென்று நிரலாளர் தனியே எடுத்து வைத்திருப்பார், பிறகு அதை மறந்துபோவார். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படித் தேங்கும் ஒவ்வொன்றையும் பொறுப்பாக்குகிறது. வாங்காத கோப்புக்குப் பொறுப்பும் இல்லை.

"பிரவுசரிலேயே மாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு ரகசியமாக அனுப்பினால்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இதற்குச் சோதனை உண்டு. பக்கம் திறந்து, லைப்ரரி இறங்கியதும் இணையத்தை அணைத்துவிட்டுக் கோப்பைக் கொடுங்கள். மாற்றம் நடந்தால் அதற்கு சர்வர் தேவைப்படவில்லை. முடிந்ததும் தாவலை மூடிவிட்டு இணையத்தைப் போடுங்கள். கொஞ்சம் தெரிந்தவர்கள் நெட்வொர்க் பலகையைத் திறந்து ஏதாவது வெளியே போகிறதா என்று பார்க்கலாம். செயலி எழுதுகிறவர், வேறெந்த முகவரியோடும் தொடர்புகொள்ளக் கூடாது என்று உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையில் எழுதிவைத்து பிரவுசரையே காவலுக்கு நிறுத்தலாம். சர்வரில் மாற்றும் தளம் "ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுகிறோம்" என்று சொன்னால் அதைச் சோதிக்கப் பயனருக்கு வழியே கிடையாது.

பிரவுசர் எல்லாவற்றையும் செய்யும் என்பது என் கட்சியல்ல. இரண்டு மணி நேரத் திருமணக் காணொளியை மலிவான கைபேசியின் தாவலுக்குள் மாற்றக் கூடாது. வெப்அசெம்ப்ளி நினைவகத்துக்கு 32 பிட் முகவரியில் 4 ஜிபி உச்சவரம்பு இருக்கிறது. கைபேசிகள் அதற்கு வெகுமுன்பே தாவலைக் கொன்றுவிடும். 2007க்கு முந்தைய வேர்டின் பழைய டாக் வடிவத்துக்கு நல்ல பிரவுசர் லைப்ரரி கிடைப்பது அரிது. உரிமச் சிக்கலும் உண்டு: ஜிபிஎல் உரிம நிரலை சர்வரில் ஓட்டினால் அது விநியோகம் ஆகாது, பயனரின் பிரவுசருக்கு அனுப்பினால் விநியோகம், மூல நிரலைத் தரும் கடமையும் கூடவே வரும். சில மேலாளர்கள் பிரவுசர் வழியை மறுப்பதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கடமையை நிறைவேற்றுவது கடினமில்லை, பிறர் உழைப்பை எடுத்துக்கொள்கிறவர் செய்ய வேண்டியதும் அதுதான். லைப்ரரிகளைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்க வேண்டும். எக்செல் கோப்பு படிக்கும் ஷீட்ஜேஎஸ்ஸில் 2023இல் வெளியான ஓட்டை 0.19.3 பதிப்பில் அடைக்கப்பட்டது. ஆனால் என்பிஎம் களஞ்சியத்தில் இருப்பது அதற்கு முந்தைய பதிப்பு. அங்கிருந்து எடுத்தவர்கள் அடைக்காத ஓட்டையோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். வேலை தாவலை உறையவைக்காமலிருக்க அதைப் பின்னணியில் இயங்கும் வெப்வொர்க்கரில் ஓட்ட வேண்டும். இவை எல்லாம் பொறியியல் வேலைகள். சர்வர் வழியிலும் இதே அளவு வேலை இருக்கிறது, மாதாமாதம் வாடகையும் சேர்ந்து வருகிறது.

இப்போது இதை யார் முதலில் செய்ய வேண்டும் என்று கேட்டால், விண்ணப்பப் படிவம் வடிவமைப்பவர்களைச் சொல்வேன். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். இத்தகைய வரம்பு எத்தனையோ அரசு, வங்கி, பல்கலைக்கழகப் படிவங்களில் இருக்கிறது. கைபேசியில் எடுத்த படம் 3 எம்பி, 4 எம்பி இருக்கும். படிவம் அதை மறுத்து "அளவு அதிகம்" என்று சிவப்பில் எழுதும். விண்ணப்பிக்கும் பெண் வேறு தாவலைத் திறந்து, தேடலில் முதலில் வரும் முன்பின் தெரியாத தளத்தில் தன் முகத்தையும் கையெழுத்தையும் ஏற்றிச் சுருக்கி எடுத்துவந்து தருகிறாள். அல்லது பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துச் செய்துகொள்கிறாள், படமும் கையெழுத்தும் அந்தக் கணினியின் டவுன்லோட் அடைவில் அடுத்தவர் கண்ணில் படும்படி கிடக்கின்றன.

இதற்கு வேண்டிய நிரல் ஒரு திரைக்குள் அடங்கும். கோப்பை வாங்கு, பிரவுசரின் கேன்வாஸில் தேவையான பிக்சல் அளவுக்கு வரை, ஜேபெக் தரத்தைப் படிப்படியாகக் குறைத்து 50 கேபிக்குக் கீழே வந்ததும் நிறுத்து, விண்ணப்பதாரருக்குக் காட்டு, அவர் சரி என்றால் அனுப்பு. வெளி லைப்ரரி தேவையில்லை. ஹெய்க் படம் வந்தால் மட்டும் சில பிரவுசர்களுக்கு லிப்ஹெய்ஃப் லைப்ரரியின் வெப்அசெம்ப்ளி வடிவம் வேண்டியிருக்கும். கேன்வாஸ் வழியே மறுபடி எழுதும்போது, படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் தானாக உதிர்ந்துவிடும். சர்வருக்கு வந்து சேர்வது கேட்டபடியே 50 கேபி, அதனால் சேமிப்புச் செலவு ஒரு பைசா ஏறாது. சான்றிதழ் பிடிஎஃப்புக்கும் இதே வழி: பக்கங்களைப் படமாக எடுத்துப் படிவத்திலேயே சேர்த்துப் பிடிஎஃப் ஆக்க பிடிஎஃப்-லிப் லைப்ரரி போதும். அடுத்த விண்ணப்ப அறிவிப்பு வரும் முன் இதைச் செய்து முடிக்கலாம். ஏற்கெனவே ஓடும் படிவத்தில் ஒரு பொத்தானின் பின்னால் இருக்கும் நிரலை மட்டும் மாற்றினால் போதும், சர்வரில் ஒரு வரிகூடத் தொட வேண்டியதில்லை.